பள்ளியிலிருந்து கண்மாய் வரை: ஊர்கூடி அமைக்கும் இயற்கைத் தடம்

நம் அரசுப் பள்ளிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பக்கத்தில் ஒரு கண்மாயோ ஓடையோ இருக்கிறது. ஓர் ஆலமரமாவது, ஒரு கோயில் தோப்பாவது, ஒரு பாறைக் குன்றாவது இருக்கிறது. ஆனாலும் சுற்றுச்சூழல் பாடத்தை நான்கு சுவர்களுக்குள் கரும்பலகையில் படம் வரைந்துதான் பெரும்பாலும் நடத்துகிறோம். நேரமில்லை, பாதுகாப்பு இல்லை, யாரிடம் அனுமதி கேட்பது என்று தெரியவில்லை என்பவை நாம் வழக்கமாகச் சொல்லும் காரணங்கள். மூன்றும் நியாயமானவை. மூன்றுக்கும் விடை தரக்கூடிய ஒரு முறைதான் இயற்கைத் தடம்.

நான் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் உள்ள ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் பட்டதாரி ஆசிரியராகப் பணிபுரிகிறேன். எங்கள் வளாகத்தை ஒட்டியே ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியும் இருக்கிறது. இரண்டு பள்ளிகளும் ஊர்மக்களும் சேர்ந்து அமைத்த தடங்களில் ஐந்து ஆண்டுகளாக மாணவர்களோடு நடந்து வருகிறோம். அதில் கற்றவற்றை, வேறு ஊர்களில் உள்ள ஆசிரியர்களும் செய்து பார்க்கும் வகையில் இங்கே விளக்குகிறேன்.

இயற்கைத் தடம் என்றால் என்ன?

இயற்கைத் தடம் என்பது, முன்கூட்டியே தேர்ந்தெடுத்து வைத்த ஒரு நடைபாதை. அதில் ஐந்து முதல் எட்டு வரை நிறுத்தங்கள் இருக்கும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் பார்க்கவும் தொடவும் அளக்கவும் எழுதவும் ஏதாவது ஒன்று இருக்கும். அதே பாதையில் ஆண்டு முழுவதும் திரும்பத் திரும்ப நடக்க வேண்டும். கல்விச் சுற்றுலாவுக்கும் இதற்கும் உள்ள முக்கிய வேறுபாடு இதுதான். சுற்றுலாவில் மாணவர் ஓர் இடத்தை ஒரு முறை பார்க்கிறார். தடத்தில் ஒரே மரத்தைச் சித்திரையில் பூவோடும் ஆடியில் காற்றோடும் ஐப்பசியில் மழையோடும் பார்க்கிறார். மாற்றத்தைக் கவனிப்பதுதான் அறிவியலின் முதல் படி என்பதால், திரும்பப் போவது மிக அவசியம்.

ஊரே பராமரிக்கும் தடங்களுக்கு உலகில் நல்ல முன்மாதிரிகள் உண்டு. அமெரிக்காவின் அப்பலாச்சியன் நடைத்தடம் 1921-ல் பென்டன் மெக்காய் என்பவர் முன்வைத்த யோசனை. 1937-ல் முழுமை பெற்றது. 14 மாநிலங்களின் வழியாகச் சுமார் 3,500 கிலோமீட்டர் நீளும் அந்தப் பாதையை இன்றும் பெரும்பகுதி பராமரிப்பவர்கள் உள்ளூர்த் தன்னார்வலர்கள். ஒவ்வொரு பகுதியையும் அந்தப் பகுதி மன்றம் ஒன்று பொறுப்பேற்றுக் கொள்கிறது. விழுந்த மரத்தை அகற்றுவது, மழைநீர் பாதையை அரிக்காமல் வடிகால் வெட்டுவது, அடையாளக் குறிகளுக்கு மறுபடி வண்ணம் பூசுவது எல்லாம் அவர்கள் வேலை.

நம் மாநிலத்திலும் இந்த எண்ணம் வளர்ந்து வருகிறது. சென்னை அடையாற்றுக் கழிமுகத்தில் 58 ஏக்கரில் மீட்டெடுக்கப்பட்டு 2011-ல் திறக்கப்பட்ட தொல்காப்பியப் பூங்கா, மாணவர்களுக்கான சூழல் கல்வி இடமாகவும் பயன்படுகிறது. 2024 அக்டோபரில் வனத்துறை 14 மாவட்டங்களில் 40 மலையேற்றப் பாதைகளை முறைப்படுத்தித் திறந்தது. இவை நல்ல முயற்சிகள். ஆனால் நம் ஊர்ப் பிள்ளை ஒவ்வொரு மாதமும் சென்னைக்கோ மேற்குத் தொடர்ச்சி மலைக்கோ போக முடியாது. ஆகவே அவரவர் ஊரில் அவரவர் நடந்து போகும் தூரத்தில் ஒரு தடம் வேண்டும்.

சுற்றுச்சூழல் கல்வி எல்லா நிலைகளிலும் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 1991-ல் கூறியது. 2003-ல் அதை மீண்டும் வலியுறுத்தியது. தடம் அமைப்பது கூடுதல் வேலை அன்று. ஏற்கெனவே நாம் செய்ய வேண்டிய வேலையைச் செய்ய ஒரு வழி, அவ்வளவுதான்.

அருகிலேயே ஒரு சான்று: அரிட்டாபட்டி

எங்கள் வட்டாரத்தில் தடம் அமைக்கத் துணிவு தந்த ஊர் அரிட்டாபட்டி. அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய ஊர்களைச் சேர்ந்த 193.215 ஹெக்டேர் நிலத்தை, அதாவது ஏறத்தாழ 477 ஏக்கரை, 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் உயிர்ப்பன்மைப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. ஏழு குன்றுகள், அவற்றிலிருந்து வழியும் நீரைத் தாங்கும் கண்மாய்கள், சுனைகள், சுமார் 250 பறவையினங்கள், தேவாங்கு, எறும்புதின்னி, மலைப்பாம்பு ஆகியவை அங்கே உள்ளன. லகர் வல்லூறு போன்ற அரிய வேட்டைப் பறவைகள் அந்தப் பாறை இடுக்குகளில் வாழ்கின்றன. அதே குன்றுகளில் தமிழி எழுத்துக் கல்வெட்டும் சமணர் படுக்கைகளும் பாண்டியர் காலக் குடைவரைக் கோயிலும் இருக்கின்றன. அறிவியல் பாடமும் வரலாற்றுப் பாடமும் ஒரே பாறையில் இருக்கின்றன என்று சொல்லலாம்.

2024 நவம்பரில் இந்தப் பகுதியை உள்ளடக்கிய நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத் தொகுதிக்கான ஏலம் முடிந்ததாக அறிவிப்பு வந்தது. மேலூர் வட்டாரத்து ஊர்கள் எதிர்த்தன. டிசம்பரில் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 சனவரி 23 அன்று ஒன்றிய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. அந்த மாதங்களில் எங்கள் பத்தாம் வகுப்பு மாணவர்கள் செய்தித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்ட கேள்விகள் எனக்கு முக்கியமாகப் பட்டன. டங்ஸ்டன் எதற்குப் பயன்படுகிறது? பாறையை எடுத்தால் கண்மாய்க்கு நீர் எப்படி வரும்? ஓர் ஊரில் என்ன உயிரினங்கள் இருக்கின்றன என்று யார் எழுதி வைப்பார்கள்?

கடைசிக் கேள்விக்குச் சட்டத்திலேயே விடை இருக்கிறது. 2002-ஆம் ஆண்டு உயிர்ப்பன்மைச் சட்டத்தின்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் உயிர்ப்பன்மை மேலாண்மைக் குழு அமைய வேண்டும். அந்தக் குழு மக்கள் உயிர்ப்பன்மைப் பதிவேட்டைத் தயாரிக்க வேண்டும். நம் மாணவர்கள் தடத்தில் எழுதும் குறிப்புகள் அந்தப் பதிவேட்டுக்குப் பயன்படும். எழுதி வைக்கப்படாத ஊரில் எது போனாலும் போனது தெரியாது. இதை மாணவர்களுக்குச் சொல்லிவிட்டால் குறிப்பேட்டில் கவனமாக எழுதத் தொடங்குகிறார்கள்.

மூன்று நீளத்தில் மூன்று தடங்கள்

ஒரே தடம் எல்லா வகுப்புகளுக்கும் பொருந்தாது. நாங்கள் மூன்று தடங்களை வைத்திருக்கிறோம். ஒன்று முடியும் இடத்தில் அடுத்தது தொடங்கும்.

முதலாவது, குட்டித் தடம். பள்ளி வளாகத்துக்குள்ளேயே சுமார் 250 மீட்டர். ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கானது. ஒரு பாடவேளை போதும். வேம்பு, எறும்புப் புற்று, கைகழுவும் தொட்டியின் ஈரத்தில் வளரும் பாசி, சுவரின் நிழல் ஆகியவையே நிறுத்தங்கள். இந்தத் தடத்தை மேடுபள்ளம் இல்லாமல் அமைத்திருக்கிறோம். சக்கர நாற்காலியில் வரும் மாணவரும் பிறர் துணையின்றி எல்லா நிறுத்தங்களுக்கும் போக முடிய வேண்டும் என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்வது நல்லது. பிறகு மாற்றுவது கடினம்.

இரண்டாவது, நீர்த்தடம். பள்ளியிலிருந்து ஊருணி வழியாகக் கண்மாய்க் கலிங்கு வரை சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர். நான்கு முதல் எட்டாம் வகுப்பு வரை. போய்வர இரண்டு மணி நேரம்.

மூன்றாவது, மலைத்தடம். கண்மாயைத் தாண்டி ஊருக்கு வடக்கே உள்ள பாறைக் குன்றின் அடிவாரம் சென்று திரும்பும் நான்கு கிலோமீட்டர். எட்டு முதல் பத்தாம் வகுப்பு வரை. அரைநாள் ஆகும். ஆண்டுக்கு மூன்று முறை மட்டும் செல்கிறோம்.

பாதையைத் தேர்ந்தெடுப்பது

முதல் வேலை, கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடத்தைப் பார்ப்பது. எது புறம்போக்கு, எது பட்டா நிலம், எது வண்டிப்பாதை, எது நீர்வரத்துக் கால்வாய் என்று அதில் தெரியும். தடம் முடிந்தவரை பொதுப் பாதையில் செல்ல வேண்டும். தனியார் வயல் வரப்பில் போக வேண்டியிருந்தால் உரியவரிடம் நேரில் போய்க் கேட்க வேண்டும். எங்களுக்கு யாரும் மறுக்கவில்லை. "நெல்லு நட்டிருக்கும்போது மட்டும் கரை மேல வரிசையாப் போகச் சொல்லுங்க டீச்சர்" என்று ஒரு விவசாயி சொன்னார். அது எங்கள் விதிகளில் ஒன்றாகிவிட்டது.

இரண்டாவது வேலை, மாணவர்கள் இல்லாமல் ஊர்ப் பெரியவர்களோடு பாதையை நடந்து பார்ப்பது. யாரை அழைக்கிறோம் என்பது மிக முக்கியம். ஊர்த் தலைவர்களை மட்டும் அழைத்தால் போதாது. கண்மாயில் மடை திறந்து வயலுக்கு நீர் பிரித்துவிடும் நீர்பாய்ச்சி, ஆடு மேய்ப்பவர், பனையேறுபவர், மீன்பிடிப்பவர், மூலிகை பறிக்கும் பாட்டி ஆகியோரிடம்தான் ஊரின் இயற்கை அறிவு இருக்கிறது. அவர்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நம் வகுப்பில்தான் படிக்கிறார்கள். தடம் ஊரின் ஒரு பக்கத் தெருக்களை மட்டும் தொட்டுச் சென்றால், மறுபக்கத்துப் பிள்ளைகள் அதை உடனே கவனிப்பார்கள். எங்கள் நீர்த்தடம் ஊரின் எல்லாக் குடியிருப்புகளின் ஓரமாகவும் செல்லும்படி 200 மீட்டர் சுற்றி வளைத்து அமைத்தோம். அந்த 200 மீட்டர்தான் இந்தத் தடத்தை ஊர்த் தடம் ஆக்கியது என்று நினைக்கிறேன்.

மூன்றாவது வேலை, நிறுத்தங்களைக் குறிப்பது. ஒரு நிறுத்தத்தில் இருபது பேர் நிற்க நிழல் இருக்க வேண்டும். ஆழமான நீருக்கோ கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றுக்கோ அருகில் இருக்கக் கூடாது. கைக்கெட்டும் தூரத்தில் பார்க்க ஏதாவது வேண்டும். மரங்களில் ஆணி அடித்துப் பலகை மாட்ட வேண்டாம். அது மரத்துக்குக் காயம். பெரிய அறிவிப்புப் பலகைகள் செலவு அதிகம், நிலைப்பதும் இல்லை. நாங்கள் தரையில் கிடக்கும் கற்களில் எண்களை மட்டும் எனாமல் வண்ணத்தால் எழுதியிருக்கிறோம். அந்த எண்ணுக்குரிய கேள்விகள் மாணவர் கையில் உள்ள அட்டையில் இருக்கும். பருவம் மாறினால் அட்டையை மாற்றிக்கொள்ளலாம், கல் அங்கேயே இருக்கும். ஒரு டப்பா வண்ணம், இரண்டு தூரிகை, முப்பது அட்டை. எங்கள் செலவு அவ்வளவுதான்.

நீர்த்தடத்தின் ஆறு நிறுத்தங்கள்

மாதிரிக்காக எங்கள் நீர்த்தடத்தை விரிவாகச் சொல்கிறேன்.

1. ஊருணிக்கரை அரசமரம். அரசு, ஆல், அத்தி ஆகியவை ஒரே குடும்பம். இவற்றின் பூக்கள் நாம் காய் என்று நினைக்கும் உருண்டைக்குள் இருக்கின்றன. ஒவ்வோர் இனத்துக்கும் உரிய ஒரு சிறு குளவி உள்ளே நுழைந்து மகரந்தச் சேர்க்கை செய்கிறது. உதிர்ந்த ஆலம்பழத்தைப் பிளந்து கைலென்சால் பார்த்தால் மாணவர்களுக்கே தெரியும். இங்கே கேள்வி: இந்த மரத்துக்குப் பத்து நிமிடத்தில் எத்தனை வகை உயிரினங்கள் வந்தன?

2. பனைவரிசை. பனை நம் மாநில மரம். ஆண்மரமும் பெண்மரமும் தனித்தனி. காய் இருப்பது பெண்பனை. மாணவர்கள் இரண்டையும் எண்ணி விகிதம் எழுதுகிறார்கள். மழைக்காலத்தில் ஓலை நுனிகளில் தூக்கணாங்குருவிக் கூடுகள் தொங்கும். கூடு பின்னுவது ஆண்குருவி. பாதி பின்னிய நிலையில் பெண்குருவி வந்து பார்த்துப் பிடித்தால்தான் கூடு முழுமை பெறும். கீழே விழுந்து கிடக்கும் பாதிக் கூடுகளுக்கு இதுதான் பெரும்பாலும் காரணம் என்று சொன்னதும் வகுப்பே சிரித்தது. கூட்டை ஒருபோதும் பறிக்கக் கூடாது. காற்றில் விழுந்ததை மட்டும் எடுத்துப் பார்க்கலாம்.

3. சீமைக்கருவேலம் மண்டிய மேய்ச்சல் நிலம். இந்த மரம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. ஊரெங்கும் பரவியது எப்படி என்று கேட்டேன். வகுப்பில் வாய்விட்டுப் படிக்கத் தயங்கும் ஒரு மாணவன், விடுமுறை நாட்களில் ஆடு மேய்ப்பவன், "டீச்சர், ஆடு காயைத் திங்கும். விதை புழுக்கையில வந்திரும். கிடை போட்ட இடத்துலதான் நெருக்கமா முளைக்கும்" என்றான். அவன் சொன்னதை அனைவரும் சோதித்தோம். சீமைக்கருவேலக் காய் தின்ற ஆடுகளின் புழுக்கையை மூன்று தொட்டிகளில் இட்டு நீர் ஊற்றினோம். இரண்டில் நாற்றுகள் வந்தன. விதை பரவுதல் பாடத்தை அந்த ஆண்டு அவன்தான் நடத்தினான். அதன்பின் அவன் புத்தகத்தைத் திறக்கும் விதமே மாறியது. அவனுக்குத் தெரிந்த ஒன்று அதில் இருக்கிறது என்று அவன் அறிந்துகொண்டான்.

4. மூன்று மண் சோதனை. இருபுறமும் திறந்த ஒரு தகர டப்பாவை இரண்டு விரற்கடை ஆழம் மண்ணில் அழுத்தி, ஒரு டம்ளர் நீர் ஊற்றி, எவ்வளவு நேரத்தில் உறிஞ்சப்படுகிறது என்று குறிக்க வேண்டும். மிதிபட்ட பாதை, உழுத வயல், சருகு மூடிய மரத்தடி என மூன்று இடங்களில் செய்ய வேண்டும். மிதிபட்ட பாதையில் நீர் வெகுநேரம் நிற்கும். சருகுள்ள மண்ணில் விரைவாக இறங்கும். மழைநீர் நிலத்துக்குள் போவதும் ஓடி வீணாவதும் எதனால் என்பதை இதைவிட எளிதாக விளக்க முடியாது.

5. மடை. கண்மாய் நீரை வயலுக்கு விடும் வாய் இது. இங்கேதான் ஊர் நீர்பாய்ச்சித் தாத்தா பேசுவார். எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் நீர், முறை எப்படிச் சுற்றி வருகிறது, நீர் குறைந்த ஆண்டில் என்ன செய்வார்கள் என்பதை அவர் சொல்ல மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள். மடையருகே அசையாமல் மீனுக்குக் காத்து நிற்கும் பழுப்புக் கொக்கின் பெயர் மடையான். பெயருக்கான காரணத்தை மாணவர்களே ஊகித்துச் சொன்னார்கள்.

6. கலிங்கு. கண்மாய் நிறைந்ததும் மிகுநீர் வழிந்து அடுத்த கண்மாய்க்குப் போகும் இடம். ஒரு கண்மாயின் மிகுநீர் அடுத்த கண்மாயின் வரத்து. வரைபடத்தில் இந்தச் சங்கிலியை நீல மையால் வரையச் சொல்கிறோம். மாணவர்கள் தம் ஊரின் நீர் பக்கத்து ஊருக்குப் போவதை அப்போதுதான் உணர்கிறார்கள்.

மலைத்தடத்தில் பாறையே பாடம்

குன்றடிவாரத்தில் பாறை வெங்காயத் தோல் போல அடுக்கடுக்காக உரிந்திருக்கும். பகல் வெப்பத்தில் விரிந்து இரவில் சுருங்குவது, நீர் இடுக்கில் புகுவது, வேர் நுழைவது எனப் பாறைச் சிதைவின் பல படிகளை ஒரே இடத்தில் காட்டலாம். பாறையில் சாம்பல், பச்சை, ஆரஞ்சு நிறங்களில் ஒட்டியிருக்கும் திட்டுகள் லைக்கன்கள். பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் கூட்டுயிரி அது. நம் வீட்டில் குழம்புக்கும் பிரியாணிக்கும் போடும் கல்பாசி ஒரு லைக்கன் என்றால் மாணவர்கள் நம்ப மறுப்பார்கள். மறுநாள் ஒருவர் அஞ்சறைப்பெட்டியிலிருந்து கொண்டு வந்து லென்சில் பார்ப்பார். கந்தக டை ஆக்சைடு மிகுந்த காற்றில் பல லைக்கன்கள் வாழா. எனவே சாலையோரப் பாறையையும் குன்றுப் பாறையையும் ஒப்பிட்டு எண்ணச் சொல்லலாம்.

மலைத்தடத்துக்கு ஆயத்தமாக எட்டாம் வகுப்பு மாணவர்களை ஆண்டுக்கு ஒரு முறை அரிட்டாபட்டிக்கும் அழைத்துச் செல்கிறோம். அங்கே கல்வெட்டைக் கையால் தேய்க்கவோ, மேலே சுண்ணாம்புக் கட்டியால் எழுதவோ கூடாது என்பதைப் புறப்படும் முன்பே சொல்லிவிடுகிறோம்.

மற்றப் பாடங்களோடு இணைத்தல்

தடம் அறிவியல் ஆசிரியருக்கு மட்டும் உரியதன்று. எங்கள் தமிழாசிரியர் இலையின் பருவங்களை வரிசைப்படுத்தச் சொல்வார்: கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு. ஐந்தையும் ஒரே மரத்திலிருந்து சேகரித்து ஒட்ட வேண்டும். பூவுக்கு அரும்பு, மொட்டு, முகை, மலர், வீ, செம்மல். பத்தாம் வகுப்புப் பாடநூலில் இடம்பெற்ற தேவநேயப் பாவாணரின் 'தமிழ்ச்சொல் வளம்' கட்டுரையை வயல் வரப்பில் நின்று படித்தால் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் எதிரில் நிற்கிறது.

கணிதத்தில் தொடக்க நிலையினர் காலடியால் தூரம் அளப்பார்கள். 50 மீட்டர் நாடாவை விரித்து எத்தனை காலடி என்று எண்ணினால் ஒரு காலடியின் நீளம் கிடைக்கும். உயர்நிலை மாணவர்கள் நிழலைக்கொண்டு மர உயரம் காண்பார்கள். ஒரு மீட்டர் குச்சியின் நிழல் 80 சென்டிமீட்டர், அதே நேரத்தில் பனையின் நிழல் 9.6 மீட்டர் என்றால் பனையின் உயரம் 12 மீட்டர். வடிவொத்த முக்கோணங்கள் எதற்கு என்று அதன்பின் யாரும் கேட்பதில்லை. சமூக அறிவியலில் நஞ்சை, புஞ்சை, நத்தம், புறம்போக்கு என்னும் நில வகைகளையும் ஊராட்சியின் கடமைகளையும் பாதை நெடுகக் காட்டலாம்.

மதிப்பீட்டுக்குத் தனித் தேர்வு வேண்டாம். களக்குறிப்பேடு, வரைபடம், ஒரு நிறுத்தத்தைப் பற்றி இரண்டு நிமிடப் பேச்சு ஆகியவற்றை வளரறி மதிப்பீட்டில் சேர்த்துக்கொள்கிறோம்.

பாதுகாப்பில் சமரசம் கூடாது

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் ஏற்பட்ட காட்டுத்தீயில் மலையேற்றம் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன்பின் மலையேற்றத்துக்கான விதிகள் கடுமையாக்கப்பட்டன. காப்புக்காட்டு எல்லைக்குள் ஓர் அடி வைப்பதாக இருந்தாலும் வனத்துறையின் எழுத்துவழி அனுமதி வேண்டும். கோடையில், காய்ந்த புல் உள்ள இடங்களுக்குச் செல்லவே கூடாது. எங்கள் நடைமுறைகள் சில:

தலைமையாசிரியர் வழியாகக் கல்வி அலுவலரின் அனுமதியும் பெற்றோரின் எழுத்துவழி ஒப்புதலும் பெற்ற பின்னரே வளாகத்தைத் தாண்டுகிறோம். பத்து மாணவருக்கு ஒரு பெரியவர் வீதம் செல்கிறோம். அவர்களில் ஒருவராவது பெண். புறப்படும்போதும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் திரும்பும்போதும் எண்ணிக்கை எடுக்கிறோம். முதல் நாள் மாலை ஓர் ஆசிரியர் பாதையை நடந்து பார்த்துவிடுகிறார்.

கண்மாய்க்குள் இறங்குவதற்கு எந்த வகுப்புக்கும் அனுமதி இல்லை. மண் அள்ளிய பள்ளங்கள் நீருக்கடியில் இருப்பது மேலிருந்து தெரியாது. நம் மாவட்டங்களில் பிள்ளைகளை இழப்பது பெரும்பாலும் இப்படித்தான். கலிங்கிலும் மடையிலும் நின்று இதை மாணவர்களிடம் வெளிப்படையாகப் பேசுகிறோம். விடுமுறையில் அவர்கள் தனியாக வரும்போது நாம் அருகில் இருக்க மாட்டோம். அதனால் இது எங்கள் தடத்தின் பாடங்களிலேயே முதன்மையானது.

நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் படத்தில் அடையாளம் காணக் கற்பிக்கிறோம். கடித்தால் வெட்டுவதோ உறிஞ்சுவதோ இறுகக் கட்டுவதோ கூடாது. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து, 108-ஐ அழைத்து, உடனே நஞ்சுமுறி மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். பாறைகளில் மலைத்தேனீ அடை இருந்தால் அந்தப் பக்கமே போவதில்லை. இடி இடித்தால் பனையடியிலும் குன்றிலும் நிற்பதில்லை. காலை ஏழு மணிக்குத் தொடங்கி வெயில் ஏறுமுன் திரும்பிவிடுகிறோம்.

பெண்குழந்தைகளை அனுப்பத் தொடக்கத்தில் சில பெற்றோர் தயங்கினார்கள். பேசிப் புரியவைப்பதைவிட அழைத்துச் செல்வது பலன் தந்தது. முதல் ஆண்டில் ஒவ்வொரு நடைக்கும் இரண்டு அம்மாக்களைத் துணைக்கு வரச் சொன்னோம். அவர்கள் ஊருக்குள் சொன்னதே போதுமானதாக இருந்தது. இப்போது மலைத்தடத்தில் மாணவியர் எண்ணிக்கை மாணவரைவிட அதிகம்.

ஊர் கையேற்றால்தான் நிலைக்கும்

ஆசிரியர்கள் மாறுதலில் போவோம். தடம் ஊரிடம் இருந்தால்தான் தொடரும். அதனால் பள்ளி மேலாண்மைக் குழுவில் இதைத் தீர்மானமாக நிறைவேற்றி, பராமரிப்பை மூன்றாகப் பிரித்திருக்கிறோம். குட்டித் தடம் தேசியப் பசுமைப் படை மாணவர்களிடம். நீர்த்தடம் முன்னாள் மாணவர்களிடமும் பெற்றோரிடமும். மலைத்தடம் இளைஞர் மன்றத்திடம். பொங்கலுக்கு முன் ஒரு நாளும் ஆடி முடிவில் ஒரு நாளும் முட்செடி வெட்டி, குப்பை அகற்றி, கல்லில் வண்ணம் புதுப்பிக்கிறார்கள்.

மாணவர் குறிப்புகள் ஊருக்குத் திரும்பிப் போக வேண்டும் என்பதும் முக்கியம். ஏழாம் வகுப்பு மாணவர்கள் மாதம் ஒருமுறை மடைக்கல்லில் நீர்மட்டத்தை அளந்து எழுதி வந்தார்கள். மூன்று ஆண்டுப் பதிவை வரைபடமாக்கியபோது, நல்ல மழை பெய்த மாதத்திலும் கண்மாய் மெதுவாகவே நிறைவது தெரிந்தது. காரணம் தேடி வரத்துக் கால்வாய் ஓரமாக நடந்தார்கள். ஓரிடத்தில் குப்பையும் சீமைக்கருவேலமும் சேர்ந்து கால்வாயைப் பாதி அடைத்திருந்தன. அக்டோபர் 2 கிராம சபையில் ஒரு மாணவி அந்த வரைபடத்தைக் காட்டி இரண்டு நிமிடம் பேசினார். யார்மீதும் குற்றம் சொல்லவில்லை. எண்களை மட்டும் வாசித்தார். ஊராட்சி அந்தப் பகுதியை வேலைத் திட்டத்தில் சேர்த்துத் தூர்வாரியது. அடுத்த ஆண்டுப் பதிவைக் காண இப்போது மாணவர்களைவிட விவசாயிகள் ஆவலாக இருக்கிறார்கள்.

பறவைக் குறிப்புகளைப் பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பில் பதிவேற்றுகிறோம். தாவரப் பட்டியலை ஊராட்சியின் உயிர்ப்பன்மைப் பதிவேட்டுக்குக் கொடுத்திருக்கிறோம். ஊர்ப்பெயர், பயன், சொன்னவர் பெயர் மூன்றும் அதில் உண்டு. பாட்டி சொன்ன மூலிகைக்குப் பக்கத்தில் பாட்டியின் பெயரைப் பார்த்த பேத்தி, அந்தப் பக்கத்தை வீட்டுக்கு எடுத்துப் போய்க் காட்ட அனுமதி கேட்டாள்.

எங்கிருந்து தொடங்குவது?

மூன்று தடங்களையும் ஒரே ஆண்டில் தொடங்க வேண்டாம். முதல் பருவத்தில் வளாகத்துக்குள் ஐந்து கற்களை வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு கேள்வி எழுதுங்கள். விடை புத்தகத்தில் இல்லாமல் அந்த இடத்தில் மட்டுமே கிடைக்கும் கேள்வியாக அது இருக்கட்டும். இரண்டாம் பருவத்தில் ஊரில் நீர் பிரிப்பவரையோ ஆடு மேய்ப்பவரையோ பள்ளிக்கு அழைத்து ஒரு பாடவேளை பேசச் சொல்லுங்கள். அவர் சொல்லும் இடங்களையே அடுத்த தடத்தின் நிறுத்தங்களாகக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாம் பருவத்தில் ஒரு வகுப்போடு, போதிய துணையோடு, அரைக் கிலோமீட்டர் மட்டும் நடந்து பாருங்கள். திரும்பி வந்ததும் மாணவர்களிடம் ஒன்றைக் கேளுங்கள்: அடுத்த மாதம் நாம் மறுபடி போகும்போது எது மாறியிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? அவர்கள் சொல்லும் ஊகங்களைத் தேதியிட்டுக் கரும்பலகை ஓரத்தில் எழுதி வையுங்கள். அவற்றைச் சரிபார்க்கப் போவதுதான் உங்கள் இரண்டாவது நடை.